சைக்கிள் எட்டும் தூரத்தில் ஓர் ஓட்டம்



ஓட்டப் பந்தயம் என்றால் முன்பெல்லாம் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா ஒன்றே நம் நினைவுக்கு வரும். தரையில் சுண்ணாம்புக் கோடு, ஆசிரியர் வாயில் விசில், முதல் மூவருக்கு எவர்சில்வர் கிண்ணம். அத்துடன் ஓட்டம் முடிந்துவிடும். படிப்பை முடித்து வேலைக்குப் போனவன் சாலையில் ஓடினால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான் என்றே ஊரார் எண்ணுவர். இன்று அந்நிலை மாறிவிட்டது. நாற்பதைக் கடந்த ஆலைத் தொழிலாளியும், பேரப்பிள்ளை கண்ட ஆசிரியரும், குடும்பத் தலைவியரும் விடியற்காலையில் கூடி ஓடுகின்றனர். பெங்களூரில் 2008-இல் தொடங்கிய 10 கி.மீ. ஓட்டம் நாடறிந்தது. அதே ஆண்டில் ஆரோவில்லில் தொடங்கிய மராத்தான், பரிசுக்காக அன்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்னும் கொள்கையுடையது. 2023 நவம்பரில் தமிழக அரசும், ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் பெயரில், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பாதை ஒன்றை வகுத்தது.

இது வெறும் நாகரிகமோ பொழுதுபோக்கோ என்று தள்ளிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மேற்கொண்ட பேராய்வு ஒன்று 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று அது கணித்தது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புக் கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏரும் மண்வெட்டியும் பிடித்த தந்தையரின் மக்கள், இன்று ஆலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ அமர்ந்தோ பணி செய்கின்றனர். உழைப்பு இருக்கிறது, உடல் முழுவதும் அசையும் உழைப்பு இல்லை. ஆகவே ஓட்டமும் நடையும் இன்று மருந்தின் இடத்துக்கு வந்துவிட்டன எனலாம்.

ஆனால் இம்மருந்து யாருக்குக் கிடைக்கிறது? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

எட்டாத தொடக்கக் கோடு

தளிக்கு அப்பால், கருநாடக எல்லையை ஒட்டி, காட்டின் விளிம்பில் அமர்ந்திருக்கும் ஊர் ஜவளகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி இது. இங்குள்ள இளைஞர் பலருக்கு ஓட ஆசை உண்டு; ஓடும் வலிமையும் உண்டு. எனினும், கூட்டு ஓட்டங்கள் நடப்பதெல்லாம் நகரங்களில். தொடங்கும் நேரமோ காலை ஐந்து, ஐந்தரை, ஆறு. “ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு ஓசூரில் நிற்க வேண்டுமாம் சாமி. எங்கள் ஊரிலிருந்து அந்நேரத்துக்கு ஏது பஸ்?” என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். மோட்டார் சைக்கிள் உள்ளவன் போவான். கார் உள்ளவன் குடும்பத்தோடு போவான். இரண்டும் இல்லாதவன் என் செய்வான்? ஓட்டத்துக்குக் கட்டணம் ஒரு பங்கென்றால், அந்தத் தொடக்கக் கோட்டைச் சென்று அடைவதற்கு ஆகும் செலவு இரண்டு பங்கு.

இதற்கு விடையாக நம் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து நிற்கிறது ஒரு பொருள். அதுவே சைக்கிள். பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்தபோது அரசு தந்த மிதிவண்டி, எத்தனை வீடுகளில் காற்றிழந்து தூசி படிந்து கிடக்கிறது! சைக்கிளில் ஓட்டத்துக்குச் செல்வதும், ஓடி முடித்துச் சைக்கிளிலேயே வீடு திரும்புவதும் மேலைநாடுகளில் பலர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஒரு பயிற்சியாகும். பெட்ரோலை நம்பாமல், தன் காலின் வலிமையால் மட்டுமே சென்று, ஓடி, திரும்புவது என்பது அவர்களின் விரதம். அங்கே விருப்பத்தால் செய்வதை, இங்கே தேவையால் செய்யக்கூடும். பயன் இருவருக்கும் ஒன்றே.

பிறந்தபோதே உறவினர்

சைக்கிளும் ஓட்டமும் பிறப்பிலேயே உறவுடையவை என்பதைப் பலர் அறியார். ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் என்பவர் 1817-இல் மன்ஹைம் நகரில் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி கிடையாது. ஏறி அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி ஓட வேண்டும். அதற்கு அவர் இட்ட பெயரே ‘ஓடும் பொறி’ என்பதாம். மிதி பொருத்தப்பட்டது 1860-களில்தான். ஆக, ஓடுகின்ற மனிதனுக்குத் துணையாகவே சைக்கிள் உலகிற்கு வந்தது.

நம் பகுதி இதை மறந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. பால்காரரும், பூ வியாபாரியும், தேங்காய் வணிகரும் அதில் ஏறினர். பின்னர் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 2021 முதல் இம்மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்களும் உருவாகின்றன. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பவர் யார்? எத்தனையோ குடும்பங்களுக்கு அவ்வாலைகள் சோறிட்டன. ஆயினும், நாட்டுக்கே இருசக்கர வாகனம் செய்து அனுப்பும் மாவட்டத்தில், அரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள மளிகைக் கடைக்கும் எஞ்சினை முடுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிட்டது கண்கூடு.

பதின்மூன்று பேரில் தொடங்கியது

ஏழை எளியோரும் பங்குபெறும் ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இங்கிலாந்தில் உண்டு. 2004 அக்டோபர் 2-ஆம் நாள், இலண்டனின் மேற்குப் புறத்திலுள்ள புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் கூடி 5 கி.மீ. ஓடினர். அதனை ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹியூவிட் என்பவர், காயமுற்றுத் தாம் ஓட இயலாத நிலையில் இருந்தார். ஓட முடியாவிட்டாலும் நண்பர்களோடு உறவு அறுந்துவிடக் கூடாது என்று, அவர்கள் ஓட, தாம் நேரம் குறித்தார். கட்டணம் இல்லை. மறுவாரமும் கூடினர், அதன் மறுவாரமும் கூடினர். ‘பார்க்ரன்’ என்று பின்னர் பெயர் பெற்ற அவ்வோட்டம் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. 2018-இல் பிரித்தானியக் குடும்ப மருத்துவர் கழகம் அவ்வமைப்போடு கைகோத்தது. மருத்துவர்கள் தம் நோயாளிகளை இவ்வோட்டங்களுக்குச் செல்லுமாறு ஊக்குவிக்கத் தொடங்கினர்.

இதில் கவனிக்கத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. கடைசியாக வருபவர் என்று எவரும் வெட்கப்படாதிருக்க, தொண்டர் ஒருவர் அனைவருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் எப்போதும் அவருக்கே. எத்துணை அழகிய ஏற்பாடு! பருமனான உடலுடைய தாயும், மூட்டு நோவுள்ள முதியவரும் அங்கே அஞ்சாமல் வருவதற்கு இதுவே காரணம்.

வாரந்தோறும் வெவ்வேறு ஊர்ப் பூங்காவுக்குச் சைக்கிளில் சென்று ஓடித் திரும்புவோரும் இவர்களுள் உண்டு. ஓட்டம் ஊருக்கு ஊர் இருப்பதால்தான் அது அவர்களுக்கு இயலுகிறது. சைக்கிள் எட்டும் தூரத்தில் ஓட்டம் இருந்தால், அதுவே பொதுமக்களின் ஓட்டம். அதற்கு அப்பால் இருந்தால், அது வாகனம் உடையவர்களின் ஓட்டம். இந்த ஓர் அளவுகோலை நாம் மறவாதிருப்போமாக.

மிதித்த கால் ஓடும்போது

சைக்கிளில் சென்று உடனே ஓடுவது உடலுக்குப் புதியதோர் அனுபவம். சைக்கிளில் நம் எடையை இருக்கை தாங்குகிறது; கால் வட்டமாகச் சுழல்கிறது. ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு தாக்கம் காலில் இறங்குகிறது. ஆதலால் சைக்கிளை விட்டு இறங்கிய முதற் சில நிமிடங்கள் கால்கள் மரக்கட்டை போல் கனக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த முப்போட்டி 1974-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கி, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. அவ்வீரர்களும் இக்கனத்தை நன்கு அறிவர். பழகப் பழக அது குறையும். முதலில் ஐந்து நிமிடம் நடந்து, பின் மெல்ல ஓடுவதே முறை.

எனினும், ஒலிம்பிக் வீரனுக்கும் நம் இளைஞனுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவனுக்கு ஓட்டத்தோடு வேலை முடிந்தது. நம்மவனுக்கோ வீடு திரும்பும் வழி பாக்கி இருக்கிறது! ஓட்டத்தில் உடலின் வலிமை அனைத்தையும் செலவிட்டவன், நடுவழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். வழிக்கென்று வலிமையை மிச்சம் வைப்பவனே விவேகி. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இம்முயற்சியின் பாடமெல்லாம் இந்த மிச்சத்தில்தான் அடங்கியிருக்கிறது. மற்றவனை முந்துவது இங்கே நோக்கமாகாது. போய்த் திரும்பி, மறுநாள் ஆலைக்கோ வயலுக்கோ முகம் வாடாமல் செல்வதே வெற்றி. அளவறிந்து செலவிடத் தெரிந்தவன் உடலை மட்டுமன்று, வீட்டையும் நடத்தத் தெரிந்தவன் ஆவான்.

நம் சாலையில் நினைவிற் கொள்ள வேண்டியவை

இங்கிலாந்தின் பூங்காவுக்குச் சைக்கிளில் செல்வதும் ஜவளகிரிச் சாலையில் செல்வதும் ஒன்றாகா. பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்திகள் சில உண்டு.

முதலாவது, யானை. இப்பகுதிக் காடுகளை உள்ளடக்கிய காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ அக்டோபர் தொடங்கி, கருநாடகத்துப் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இப்பக்கம் வருகின்றன. கேழ்வரகு முற்றும் காலமும் அதுவே. இரவில் வயலில் மேய்ந்த யானை, விடியும் முன் காட்டுக்குத் திரும்பச் சாலையைக் கடக்கும். சைக்கிளுக்கு ஓசை கிடையாது. யானைக்கு நாம் வருவது தெரியாது. இருட்டில் அது நிற்பது நமக்கும் தெரியாது. ஆகவே காட்டோரச் சாலையில் நன்கு வெளிச்சம் வரும் முன்பும், பொழுது சாய்ந்த பின்பும் சைக்கிளில் செல்வது தகாது. வனத்துறையினர் எச்சரிக்கை விடுத்த நாளில் பயணத்தைக் கைவிட்டுவிடுக. ஓட்டம் அடுத்த மாதமும் வரும்.

இரண்டாவது, நெடுஞ்சாலை. ஓசூர், கிருஷ்ணகிரி வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. உறக்கமிழந்த ஓட்டுநருக்கு விடியற்காலையே கண் சொருகும் வேளை. இயன்றவரை உட்சாலைகளில் செல்க. முன் விளக்கும், பின்புறம் சிவப்பு ஒளிகாட்டியும், வெளிர் நிற மேற்சட்டையும், தலைக்கவசமும் இன்றிப் புறப்படலாகாது.

மூன்றாவது, தொலைவு. ஜவளகிரியிலிருந்து ஓசூர் செல்லச் சாதாரண சைக்கிளில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. புதியவர் இதற்குத் துணிய வேண்டா. முதல் மாதம் போக 5 கி.மீ., வர 5 கி.மீ. சைக்கிள் மட்டும், அடுத்த மாதம் அதன் நடுவே 2 கி.மீ. ஓட்டம், பின்னர் படிப்படியாக ஏற்றுக. நகரத்து ஓட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முந்திய நாள் பகலிலேயே சென்று உறவினர் வீட்டில் தங்குவது நலம்.

நான்காவது, வண்டியும் வயிறும். புறப்படும் முந்திய மாலை டயரில் காற்றும், பிரேக் கட்டையும், செயினும் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிடுக. பஞ்சர் ஒட்டும் பொருளும் சிறு பம்பும் கேரியரில் இருக்கட்டும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். மிதி அடியில் இருக்கையில் கால் ஏறக்குறைய நீளுமாறு உயர்த்துக. காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, வழிக்கு வாழைப்பழம், தண்ணீர், இவை போதும். விலையுயர்ந்த பானங்கள் நம்மவர்க்குத் தேவையில்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியன உடையோரும் நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குவோரும் முதலில் மருத்துவரைக் கேட்டறிக.

ஐந்தாவது, பெண்பிள்ளைகள். “பெண்ணுக்கு எதற்குச் சைக்கிளும் ஓட்டமும்?” என்று கேட்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றனர். தண்ணீர் கொணரவும், சந்தைக்குச் செல்லவும், பிறர் தயவை எதிர்பாராது வாழவும் அது அவர்களுக்குக் கை கொடுத்தது. தனியே அனுப்பத் தயங்கினால், நாலைந்து பேராக அனுப்புங்கள். தந்தையோ அண்ணனோ உடன் மிதிக்கட்டும். தடுப்பதைவிடத் துணை செல்வது மேல்.

ஞாயிறும் திருப்பலியும்

நம் நாட்டில் இவ்வோட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடப்பதால், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் எழுகிறது. ஓடப்போன பிள்ளை களைத்து வந்து படுத்துவிடுகிறான், திருப்பலி தவறிப்போகிறது. தாய்மார் இதைச் சொல்லி வருந்துவது நியாயமே. சனி மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் வகை செய்திருக்கிறது. அவ்வசதி அருகில் இல்லாத ஊரில், சனிக்கிழமை ஓட்டத்தைத் தேர்ந்துகொள்வதே ஒழுங்கு. ஓட்டத்தைத் திருச்சபை குறைவாக எண்ணுகிறது என்று யாரும் கருத வேண்டா. வத்திக்கானிலேயே 2019 ஜனவரியில் ஓட்டக் குழு ஒன்று முறைப்படி தொடங்கப்பட்டது. குருக்களும், கன்னியரும், சுவிஸ் காவலரும், அருங்காட்சியக ஊழியரும் அதில் ஒன்றாக ஓடுகின்றனர். அகதிகளாக வந்த இஸ்லாமிய இளைஞர் இருவரையும் அக்குழு தன் உறுப்பினராக ஏற்றது.

ஊரிலேயே ஓர் ஓட்டம்

இவ்வளவும் சொன்ன பின், ஒன்று தெளிவாகிறது. இருட்டில் யானைக் காட்டைக் கடந்து நகரத்துக்கு நம் பிள்ளைகள் செல்வதைவிட, ஓட்டம் நம் ஊருக்கு வருவதே சிறந்தது. அது கடினமா? சிறிதும் இல்லை. மேடையும், மாலையும், ஒலிபெருக்கியும், பனியனும், பதக்கமும் வேண்டியதில்லை. அளந்த பாதை ஒன்று, கடிகாரம் ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று, மனமுவந்து நிற்கும் தொண்டர் நால்வர், இவ்வளவே வேண்டுவது.

பாதையை அளப்பதற்கும் சைக்கிளே கருவி! இது விளையாட்டுப் பேச்சன்று. உலகப் பெரு மராத்தான்களின் பாதைகளை இன்றும் சைக்கிள் கொண்டே அளக்கின்றனர். நாடாவால் துல்லியமாக அளந்த தூரத்தில் முதலில் சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்கிடுவர். பின் அதே சைக்கிளை ஓட்டப் பாதையில் செலுத்திச் சுற்றுகளை எண்ணுவர். பாதை குறைந்துவிடாதிருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்வர். நம் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லும், 5 கி.மீ.க்குச் சுமார் 2,270 சுற்று. கணக்குப் பாடம் படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படையுங்கள். வகுத்தலும் பெருக்கலும் எதற்கு என்று அவர்கள் அன்று அறிவர்.

காட்டோரத்தை விடுத்து, ஊர்களுக்கு நடுவே, வாகனம் மிகாத மண்சாலை ஒன்றைத் தேர்க. ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே சொல்லிவிடுக. தொடக்க நேரம் காலை ஏழரையாக இருக்கட்டும். இம்மலைப் பகுதியின் குளிர்ச்சியில் அந்நேரமும் இதமானதே. சுற்றுக் கிராமத்தார் வெளிச்சத்தில் புறப்பட்டுச் சைக்கிளில் வந்து சேரவும் அவகாசம் கிடைக்கும். இரவுப் பணி முடித்து வருபவரும் நடக்கலாம். நம் பங்கினர் மட்டும் என்று வேலி போடாமல், எல்லாச் சமயத்தாரையும் எல்லா மொழியினரையும் அழையுங்கள். அனைவருக்கும் பின்னால் நடந்து வர, ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவரை வேண்டிக்கொள்ளுங்கள். அவர் கடைசியில் வந்தால், கடைசி இடத்துக்கே ஒரு பெருமை வந்துவிடும்.

அன்புப் பெற்றோரே, சுவரோரம் கிடக்கும் சைக்கிளை இவ்வாரமே வெளியே எடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள்; காற்றடியுங்கள்; முதலில் மகனோடும் மகளோடும் அடுத்த ஊர் வரை சென்று வாருங்கள். தொடக்கக் கோடு தொலைவில் இருக்கிறதே என்று ஏங்கும் பிள்ளைக்கு, அதை அருகில் கொண்டுவந்து கொடுப்பது பெரியோர் கடமை. பதின்மூன்று பேர் போதும் என்று உலகம் ஒருமுறை கண்டது. நம் ஊரில் பதின்மூன்று பேர் இல்லையா?